தொடையோடு நின்ற ஓவரால்

"மூச்சை உள்ள இழுங்க," என்றாள் பியூலா.

"இழுத்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம் இழுங்க."

"இதுக்கு மேல இழுத்தா உசுருதான் வெளிய போவும், ஏட்டி."

பாக்கியசீலன் வீட்டுத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி பியூலா பின்னால் நின்று, ஒரு காக்கி ஓவராலை இரண்டு கையாலும் மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். கால்சட்டையையும் மார்ச்சட்டையையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, தோளில் மாட்டிக்கொள்ளும் உடுப்பு அது. சீமையில் தொழிற்சாலைக்காரர்கள் எல்லாம் இதைத்தான் போடுவார்களாம். போடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பாக்கியசீலன் தொடையைப் பார்க்காமல் தைத்தவன் எவனோ, அவன் நன்றாக இருக்க மாட்டான். உடுப்பு தொடையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் தூணை நகர்த்தினாலும் அது நகராது போலிருந்தது.

"தேங்கா எண்ணெ தடவிப் பாப்பமா?" என்றாள் பியூலா.

தடவினார்கள். எண்ணெய் துணியில் ஊறியது. தொடை அங்கேயேதான் இருந்தது. இப்போது ஓவரால் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் அரிவாள்மணையைக் கொண்டுவந்து இரண்டு பக்கத் தையலையும் அறுத்துத்தான் அவரை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

இது வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை காலையில் ஆலையின் வெள்ளைக்காரத் துரை வருகிறார்.

வெள்ளைக்கார ராஜாவின் முடிசூட்டு விழாவுக்கு மறுவருஷம் அது. பேட்டையில் இருந்த அந்தப் பருத்தி அரவை ஆலையில் எஞ்சின் என்றால் பாக்கியசீலன், பாக்கியசீலன் என்றால் எஞ்சின். காலையில் அதற்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைச் சுற்றுவார். சாயங்காலம் அது ஓய்ந்ததும் சூடு ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, துடைத்து, உறை போட்டு மூடிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். "எங்கள விட அதுக்குத்தான் நல்ல சீவியம்," என்று பியூலா சொல்லாத நாள் கிடையாது.

அந்த உறையும் சீமையிலிருந்து வந்ததுதான். போன தடவை துரை வந்தபோது ஆலையில் கணக்கு எழுதும் ரைட்டர் ஜேசுதாசன் ஊரில் இல்லை. சேரன்மகாதேவியில் தங்கை மகள் கல்யாணம். ஆகவே துரை பேசிய இங்கிலீஷ் யாருக்கும் விளங்கவில்லை. பாக்கியசீலனின் வேட்டி முனை எஞ்சின் பட்டையில் மாட்டிக் கிழிந்ததைப் பார்த்துத் துரை ஏதோ கோபமாகச் சொன்னார். பிறகு, பாக்கியசீலன் எஞ்சினை ஒட்டி நிற்க, அதற்கு முன்னால் நின்றுகொண்டு, இரண்டு கையையும் விரித்து அகலம் பார்த்தார், உயரம் பார்த்தார். குறித்துக்கொண்டு போய்விட்டார். சில மாசம் கழித்து, எஞ்சின் உதிரிகள் வந்த பெட்டியின் மேலேயே அந்த நீல உறை இருந்தது. எஞ்சினின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு உருளைகளுக்கும் தனித்தனிக் கூடு வைத்து, மேலே இழுத்துக் கட்ட இரண்டு வாரும் வைத்துத் தைத்திருந்தார்கள். கையாலேயே அளந்து இத்தனை கச்சிதமாகச் செய்து அனுப்பியிருக்கிறாரே என்று பாக்கியசீலன் ஒரு வாரம் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்படி எஞ்சினை நினைத்த துரை தன்னை நினைக்கவில்லை என்பதுதான் இப்போது அவருக்கு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை ஓவரால் மூட்டை வந்ததும் ரைட்டர் ஜேசுதாசன் எஞ்சின் அறை ஆட்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். பாக்கியசீலன் முறை வந்தபோது மூட்டை காலி.

"ஒமக்கு வரல்லியே வே," என்றார் ஜேசுதாசன். "தொரை கணக்குல ஒண்ணு குறையுது."

"மறந்திருப்பாரோ?"

"தொரையா மறப்பாரு? ஓவரால் இல்லாதவன் திங்கக்கெழமையிலேருந்து எஞ்சின் ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது, எடைக் கொட்டகைக்குப் போயிரணும்னு எழுதியிருக்காரு. இது தெரிஞ்சே செஞ்ச மாதிரில்லா இருக்கு." ஜேசுதாசன் நல்ல மனுஷர், ஆறுதல் சொல்லத்தான் தெரியாது. "சரி, நம்ம வன்னியராஜ் காய்ச்சல்ல மணிமுத்தாறுக்குப் போயிட்டான். அவனுக்கு வந்ததை நீரு எடுத்துக்கிடும். எப்படியாவது திங்கக்கெழமை உள்ள ஏறிரும்."

வன்னியராஜ் காற்றடித்தால் பிடித்து நிறுத்த வேண்டிய ஆள்.

எஞ்சினுக்கு உதவியாளாக இருந்த தளவாய்க்கு ஓவரால் தொளதொளவென்று தொங்கியது. "இதுக்குள்ள இன்னொரு ஆளு குடியிருக்கலாம் அண்ணாச்சி," என்றான். பிறகு பாக்கியசீலன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எஞ்சின் என் கைக்கு வந்தாலும், எனக்குத் தொழில் சொல்லித் தந்தது நீங்கதாம்னு எல்லார்ட்டயும் சொல்லுவேன்," என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். பாக்கியசீலனுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஏழு தோசையோடு எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும், அறுத்த ஓவராலைச் சுருட்டிக்கொண்டு இருவரும் தையல்காரி ஷரீபா பீவி வீட்டுக்குப் போனார்கள். ஷரீபா பீவி ஆண்கள் முன்னால் வர மாட்டாள். ஆண்களுக்கு அளவும் எடுக்க மாட்டாள். பெண்டாட்டிமார் வீட்டிலேயே கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு, திரைக்கு அடியில் நீட்ட வேண்டும். முதல் முடிச்சு மார்பு, அடுத்தது வயிறு, அதற்கடுத்தது இடுப்பு. பேட்டை முழுக்க அந்த முடிச்சில்தான் சட்டை போட்டுக்கொண்டிருந்தது.

பியூலா வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் அளந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேறு என்ன செய்வார் மனுஷர்? வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "ஏம்மா பியூலா, போன கிறிஸ்மசுக்குச் சட்டை தைக்கையில ரெண்டாவது முடிச்சு இன்னும் நாலு விரக்கடை தள்ளில்லா கெடந்துச்சு?"

தெருவில் நின்ற பாக்கியசீலன் தொண்டையைச் செருமினார். "மெலிஞ்சிட்டேன்னு சொல்லு ஏட்டி."

"மெலிஞ்சிட்டாவளாம்," என்றாள் பியூலா.

"அல்லா காப்பாத்தட்டும். ஒடம்புக்கு என்ன?"

காக்கித் துணி பேட்டையில் எங்கும் கிடைக்கவில்லை. பக்கவாட்டில் வைத்துத் தைக்க ஷரீபா பீவியிடம் இருந்தது மெத்தைத் துணிதான், சிவப்புக் கோடு போட்டது. மத்தியானத்துக்குள் தைத்துக் கொடுத்துவிட்டாள். இந்தத் தடவை ஓவரால் தொடையைத் தாண்டியது, இடுப்பையும் தாண்டியது, தோளிலும் மாட்டியது. பியூலா கைகூப்பி ஜெபம் பண்ணினாள்.

"எப்படி இருக்கு?"

பாக்கியசீலன் கையை ஆட்டினார். பேச வேண்டுமென்றால் மூச்சு விட வேண்டும். மூச்சு விட்டால் அந்த நாலு விரக்கடை கணக்குக் கேட்கும்.

எதற்கோ வந்த தளவாய் இந்தக் கோலத்தைப் பார்த்தான். "இறுக்கமாத் தெரியுதே அண்ணாச்சி. ராத்திரி பூராவும் ஆத்துத் தண்ணில ஊறப் போடுங்க. துணி நல்லா இளகிக் குடுக்கும்."

போட்டார்கள். தாமிரபரணித் தண்ணீருக்கு நல்ல குணம் ஆயிரம் இருக்கலாம். புது மெத்தைத் துணியிடம் அது பலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து உதறியபோது, இளகும் என்று நினைத்தது சுருங்கியிருந்தது. போதாததற்குச் சிவப்புச் சாயம் இறங்கி, காக்கி முழுக்க ஒரு மாதிரி வெற்றிலை துப்பிய நிறமாகிவிட்டது.

பாக்கியசீலன் அதைப் பிழிந்து கொடியில் போட்டார். எடைக் கொட்டகை கண்ணுக்குள் வந்தது. நாள் முழுக்கத் தராசைப் பார்த்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் தன் எஞ்சினைத் தளவாய் ஓட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. எண்ணெய் கொஞ்சம் குறைந்தால் அது இருமும். அந்த இருமல் தளவாய்க்குப் புரியாதே. அதை நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"துணி வராதுன்னா ஆளுதான் கொறையணும்," என்றாள் பியூலா. "இன்னைக்குப் பூரா பட்டினி கெடங்க."

சரி என்றார். ஆனால் அன்றைக்குப் பார்த்தா கோயிலில் அசனம் வர வேண்டும்? ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை ஜெபத்தின் பாதியிலேயே உள்ளே வந்துவிட்டது. பாக்கியசீலன் பைய நழுவி வாசல் வரைக்கும் போனார். உபதேசியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போறீரு? ஆண்டவர் சந்நிதியில வச்ச சோத்தை வேண்டாம்னு சொல்லலாமா?"

சொல்லக் கூடாதுதான். உட்கார்ந்தார். ஒரு வாய் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது இருபக்கமும் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் பியூலா கோணி ஊசியையும் சணல் நூலையும் எடுத்தாள். மிச்சத் தையலைப் பிரித்து, புருஷனை உள்ளே நிறுத்தி, மூட்டை தைப்பதுபோல அவர் மேலேயே வைத்துத் தைத்துவிட்டாள்.

"குனியாதீங்க. கையைத் தூக்காதீங்க. தண்ணி குடிக்காதீங்க," என்றாள்.

"கும்பிடலாமா?"

"மனசுக்குள்ள கும்பிட்டுக்கிடுங்க."

ஆலைக்கு அவர் நடந்து வந்ததைப் பார்த்த வண்டி மாடுகள்கூட ஓரமாய் ஒதுங்கின. எஞ்சின் அறைக்குள் வந்ததும், வழக்கம்போல உறையைக் கழற்றலாம் என்று பார்த்தார். கை தோளுக்கு மேலே போகவில்லை. தளவாயைக் கூப்பிடலாமென்றால் அவன் எலுமிச்சம்பழத்தோடு துரையை வரவேற்க வாசலில் நிற்கிறான். பஞ்சு கூட்டிக்கொண்டிருந்த இசக்கியம்மா மட்டும்தான் அங்கே இருந்தாள்.

"எம்மா, உறையைக் கொஞ்சம் எடுத்து விடேன்."

"நான் தொட்டா ஏசுவீயளே அண்ணாச்சி. வெள்ளிக்கெழம தூசி தட்டுனதுக்கே ஏசுனீய," என்று அவள் கூட்டிக்கொண்டே போனாள்.

அதற்குள் துரை வந்துவிட்டார். நெட்டையான மனிதர், வெயிலில் சிவந்த முகம். பின்னால் ரைட்டர் ஜேசுதாசன். எஞ்சினை ஓட்டு என்பதுபோலத் துரை விரலைச் சுழற்றினார்.

பாக்கியசீலன் மனசுக்குள் கும்பிட்டுவிட்டுச் சக்கரத்தைப் பிடிக்கக் குனிந்தார்.

வந்த சத்தத்துக்கு வெளியே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் இடது பக்கச் சணல், பிறகு வலது பக்கம், பிறகு முதுகின் நடுவே. பியூலாவின் தையல், ஷரீபா பீவியின் தையல், சீமைத் தையல் எல்லாம் ஒன்றாகக் கைவிட்டன. சுத்தமாக விழுந்துவிடாமல் கோவணம் மட்டும் அவர் பக்கம் நின்றது.

இசக்கியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே எஞ்சின் உறையை ஒரே இழுப்பாய் இழுத்து அவர் மேல் எறிந்தாள். உறையில் இருந்த சின்னப் பையிலிருந்து, தளவாய் வைத்த திருநீற்றுப் பொட்டலமும் பாக்கியசீலன் வைத்த வேத வசன அட்டையும் தரையில் விழுந்தன. இடுப்பைச் சுற்றி அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாக்கியசீலன் நின்றார். முடிந்தது என்று நினைத்தார். பதினோரு வருஷம் ஓட்டிய எஞ்சின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

துரை அவரைப் பார்க்கவில்லை. அவர் பிடித்திருந்த துணியைப் பார்த்தார். கிட்டே வந்தார். எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துப் போயிருந்த ஒரு வாரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு எஞ்சினைப் பார்த்தார். போன தடவை போலவே இரண்டு கையையும் விரித்து அகலம் காட்டி, உயரம் காட்டி, வேகவேகமாக இங்கிலீஷில் என்னவோ சொன்னார். முகம் இன்னும் சிவந்தது. ரைட்டர் ஜேசுதாசன் மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"என்னய்யா சொல்லுதாரு?" என்றார் பாக்கியசீலன். "எடைக் கொட்டகைதானா?"

ஜேசுதாசன் துண்டை எடுத்தார்.

"அன்னைக்கு அவரு அளந்தது எஞ்சினை இல்லியாம் வே, ஒம்மத்தானாம், அந்த ரெண்டு கூட்டுக்குள்ளயும் காலை விடும்."