ஸ்கூட்டரை ஒறுத்த கதை

தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பல் காய்வதற்குள் ஒரு மகத்தான முடிவெடுத்தேன். ஈஸ்டர் வரைக்கும் ஸ்கூட்டரைத் தொடுவதில்லை.

பக்தி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். எல்லாம் பஜ்ஜிக்காக.

மாம்பழச்சாலையில் வாடகை வீடு, ரயில்வே ஜங்ஷன் பக்கத்தில் ஆபீஸ். சாயந்திரம் ஆபீஸ் வாசல் கடையில் ஒரு டீ, இரண்டு வாழைக்காய் பஜ்ஜி. இருபது வருஷத்துப் பழக்கம். போன மாதம் என் மனைவி டெல்பின் அதை நிறுத்திவிட்டாள். பெட்ரோல் நூறைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறது, அதில் பெரிய பங்கு வரி, டீசலுக்கும் அதே கதி, லாரியில் வருகிற கத்தரிக்காயிலிருந்து உளுந்து வரைக்கும் விலை ஏறிப்போச்சு, அதனால் உங்கள் பஜ்ஜி கிடையாது என்றாள். டெல்லியிலும் சென்னையிலும் வரி போடுகிறார்கள், மாம்பழச்சாலையில் என் வயிறு காய்கிறது. நிஜமாகவே எனக்கு அழுகை வந்தது.

சம்பளம் அவள் கையில். வாராவாரம் பெட்ரோலுக்கு மட்டும் காசு தருவாள். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போனால் டிக்கெட் போக மிச்சம் பஜ்ஜிக்கு ஆகும். ஆனால் பஸ்ஸில் போகிறேன் என்று சொன்னால் காசை நிறுத்திவிடுவாள். அதையே, தவக்காலத்தில் பிடித்ததை விட்டுவிடுகிற ஒறுத்தல் என்று சொல்லிவிட்டால்? சாமி காரியத்தில் கணக்குக் கேட்கவா போகிறாள்?

"டெல்பின், இந்தத் தவக்காலத்துக்கு நான் வண்டியை விட்டுட்டேன்."

"போன வருஷம் கறியை விடுறேன்னீங்க. மூணாம் வாரமே பக்கத்து வீட்டு பரக்கத் அலி அண்ணன்கிட்ட பிரியாணி வாங்கித் தின்னீங்க."

"அது மறதி. இது சத்தியம்."

"ஆண்டவர் முன்னாடி?"

"ஆண்டவர் முன்னாடி! தொடமாட்டேன், ஏறமாட்டேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. அப்பாடா என்று நினைத்தேன். உள்ளே போனவள் கோயிலில் கொடுத்த அட்டை உண்டியலோடு திரும்பி வந்தாள்.

"இந்தாங்க, இது டிக்கெட்டுக்கு. மிச்சக் காசு இந்த உண்டியல்ல."

"அதுல எதுக்கு?"

"ஒறுத்து மிச்சம் பிடிக்கறது ஏழைங்களுக்குத்தானேங்க? பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியுமே."

எனக்கும்தான் தெரியும். நாற்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். பஜ்ஜி நினைப்பில் மறந்து தொலைத்தேன்.

"நானும் ஏழைதானே டெல்பின்?"

"சும்மா இருங்க. சாவியைக் குடுங்க, கையில இருந்தா சோதனை வரும்."

கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

இரண்டாவது வாரம். மாம்பழச்சாலை ஸ்டாப்பில் வெயிலில் நிற்கிறேன். இரண்டு பஸ் நிற்காமலே போய்விட்டது. நேற்றே மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். வாழ்க்கை வெறுத்துப்போன அந்த நேரத்தில் என் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டுவது டெல்பின். பின்னால் பரக்கத் அலி மனைவி நசீரா, மடியில் நாலு காலிப் பை.

"அடிப்பாவி! எப்ப கத்துக்கிட்ட?"

"போன தவக்காலத்துல, ஞாயித்துக்கிழமை நீங்க தூங்கறப்போ. நீங்க கறியை விட்டீங்க, நான் பயத்தை விட்டேன்."

"எங்க கிளம்பிட்டீங்க?"

"காந்தி மார்க்கெட். தெருக்கடைக்காரன் லாரி வாடகைன்னு சொல்லித் தக்காளியைத் தங்க விலை சொல்றான். அங்க மொத்தமா வாங்கி ரெண்டு வீட்டுக்கும் பிரிச்சுக்கறோம். பெட்ரோல் பாதிப் பாதி."

"உனக்குத்தான் டவுன் பஸ் ஃப்ரீயாச்சே!"

"நாலு மூட்டையோட ஏத்துவானா? அதுவும் நிக்கிற பஸ்ஸாப் பார்த்துச் சொல்லுங்க."

நசீரா சிரித்தாள். "விக்டர் அண்ணன் பாவம்க்கா, இளைச்சுட்டாரு."

மானத்தைக் காற்றில் விட்டேன். "டெல்பின், நேரமாச்சு. நசீரா இங்கயே ரெண்டு நிமிஷம் நிக்கட்டும். என்னைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்துடேன், அங்க பஸ் கிடைக்கும்."

"விடலாம்ங்க. ஏறமாட்டேன்னு ஆண்டவர் முன்னாடி சொல்லிட்டீங்களே?"

வண்டியைக் கிளப்பியவள் தலையைத் திருப்பினாள். "மார்க்கெட்ல மிச்சம் பிடிச்ச காசுல சாயந்திரம் வாழைக்காய் பஜ்ஜி போடறோம். ஆறு மணிக்கெல்லாம் வந்துடுங்க!"

அன்று சாயந்திரம் எனக்கு பஸ் கிடைத்தபோது மணி எட்டு. வீட்டில் பஜ்ஜி வாசனை மட்டும் மிச்சம் இருந்தது.