சொத்தை ரேடார்

ஊரே வாயைப் பிளந்துகொண்டு அந்தப் பல் கிளினிக் வாசலில் நின்றது. 'சொத்தை ரேடார்' என்று ஒரு அதிசய மிஷின் வந்திருக்கிறதாம். பேனா மாதிரி இருக்குமாம். பல்லைத் தொட்டால் போதும், சொத்தை தானாகவே 'கீங்' என்று கத்தி உண்மையை ஒப்புக்கொள்ளுமாம். வாய்க்குள் எட்டிப் பார்ப்பதெல்லாம் அந்தக் காலத்து வைத்தியம். மிஷின் வந்ததிலிருந்து 'ரேடார் டாக்டர்' ஆகிவிட்ட பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டுதான் பேனாவை நீட்டுவார். சத்தம் ஸ்பீக்கர் வழியாக வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

"எனக்கு ஒம்பது!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார் ஒருவர், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி. மூன்றே மூன்று வாங்கிய தபால்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

இந்தக் கிளினிக்குக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பல்செட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷின் வருவதற்கு முன்பும் ரேடார் டாக்டர் துளை போடுவதில் தாராளமானவர்தான். அங்கே விழுந்த துளைகள் பெரிதாகிப் பெரிதாகி, கடைசியில் பல்செட்காரர் பட்டறைக்கு ஆர்டராக வந்து சேரும். தெரிந்தும் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தார். இன்று அந்த நாற்காலியில் உட்காரப் போவது அவர் மகள். முன்பல் இரண்டில் துளை போட்டு, மேலே உறை மாட்ட வேண்டும் என்று ரேடார் டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

அங்கே வேலை பார்க்கும் இளம் டாக்டரம்மா காலையிலேயே மகளின் பல்லைக் கண்ணைத் திறந்து பார்த்திருந்தார்.

"வெறும் வெள்ளைப் புள்ளிங்க. மருந்து தடவி, ஒழுங்கா பல் தேய்ச்சா அதோட நின்னுடும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

"அப்ப துளை?" என்றாள் பல்செட்காரர் மனைவி.

"துளை வேண்டாம்மா."

"துளை போடத் தெரியாதவங்களை எல்லாம் எதுக்குத்தான் வெச்சிருக்காங்களோ!"

பல்செட்காரர் டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்தார். "ஏம்மா, இதெல்லாம் உங்க பெரிய டாக்டருக்குத் தெரியாதா?"

"எங்க எல்லாருக்கும் தெரியும் சார். பரீட்சையில எழுதித்தானே பாஸானோம்? ஆனா துளைக்காம அனுப்பினா யாரும் திரும்பி வர்றதில்ல. கடகடன்னு சத்தம் கேட்டாத்தான் வைத்தியம்னு நம்புறாங்க."

பல்செட்காரர் விறுவிறுவென்று உள்ளே போனார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளை இறக்கிவிட்டுத் தானே அதில் ஏறிப் படுத்தார். "முதல்ல எனக்குப் பாருங்க டாக்டர்."

பேனா வாய்க்குள் நுழைந்தது. கீங்! கீங்! கீங்! வெளியே கூட்டம் சேர்ந்து எண்ணியது. பதினொன்று! யாரோ கைதட்டினார்கள்.

"அத்தனையும் ஆழமான சொத்தை," என்றார் ரேடார் டாக்டர், மூடிய கண்ணைத் திறக்காமல். "வேர் வரைக்கும் போயிடுச்சு. நாலை இன்னைக்கே துளைச்சாகணும். ராத்திரி தூக்கமே இருக்காதே?"

கதவோரம் நின்ற மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க! உங்களுக்கு ஏதுங்க பல்லு?"

பல்செட்காரர் மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றித் தட்டில் வைத்தார். அச்சு அசலாகத் தன் கையாலேயே செய்துகொண்டது; டாக்டருக்கே இத்தனை வருஷம் தெரியாது. இப்போதுதான் அவர் கண் திறந்தது. பேனாவைச் செட்டின் மேல் வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை.

"காலை எடுத்துட்டீங்களா சார்?" என்று கேட்ட டாக்டரம்மா, குனிந்து அவர் காலடி மிதியடியைத் தூக்கினார். அடியில் ஒரு சுவிட்ச். விரலால் அமுக்கினார். கீங்!

"மிஷின்ல ஏதோ கோளாறு..." என்று முனகினார் ரேடார் டாக்டர்.

"அப்ப என்னோட ஒம்பது?" என்று கதவு வழியாக எட்டிப் பார்த்துக் கன்னத்தைத் தடவினார் முதல் மார்க்காரர்.

ஓரமாக உட்கார்ந்திருந்த தபால்காரர் எழுந்து வந்தார். "சும்மா குறை சொல்லாதீங்க. பிளாஸ்டிக் பல்லுலயே சொத்தையைக் கண்டுபிடிக்குதுன்னா, மிஷினுக்கு எவ்வளவு பவர் இருக்கணும்!" நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

மனைவி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். "அந்த மருந்தையே தடவிடும்மா."

பல்செட்காரர் செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு, ஆடிய தலைகளைப் பார்த்துச் சொன்னார்:

"பல்லு போனா எங்கிட்ட வாங்க, புதுசா செஞ்சு தர்றேன். மூளைக்கு செட் செய்ய எனக்குத் தெரியாது. இருக்கறதையாவது எடுத்துப் பயன்படுத்துங்க!"