முரட்டுத் தூரிகை எழுத்துரு: ஒரு வெற்றி வரலாறு

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. பிறகு நெடுநாள் சும்மா இருந்துவிட்டு, எங்கள் அலுவலகத்தில் ‘முரட்டுத் தூரிகை’ எழுத்துருவைக் கண்டது. அதைக் கண்ட குழுவுக்கு நான்தான் தலைவன் என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

நாங்கள் தரை துடைக்கும் திரவம் தயாரிக்கிறவர்கள். இத்தனை காலமும் எங்கள் பெயர்ப்பலகையில் எழுத்து பளிச்சென்று இருந்தது. அதுதான் குறை என்றார் வடிவமைப்பாளர். பளிச்சென்று இருந்தால் இயந்திரம் செய்தது என்று தெரிந்துவிடுமாம். காய்ந்த தூரிகையால் யாரோ கோபத்தில் இழுத்த மாதிரி, பிசிறும் திட்டும் தெறிப்புமாக இருந்தால்தான் ‘மனிதத்தன்மை’ வருமாம். ஏழு கூட்டம் போட்டு, ஒவ்வொரு பிசிறுக்கும் தனித்தனியாக ஒப்புதல் வழங்கினோம். பலகை வரவேற்பறைச் சுவரில் ஏறியது. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் புரியவில்லை. அவ்வளவு மனிதத்தன்மை.

வெளியூர் போயிருந்த முதலாளி திரும்பி வந்தார். பலகையையே ஒரு நிமிடம் பார்த்தார். “யாரு இங்க துடைக்கிறது?” என்று கேட்டார்.

அது அழுக்கல்ல, கலை என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. முதலாளிக்கு ரசனை போதாது என்று பொருளாகிவிடுமே! மரியாதையாக விழுங்கிவிட்டேன். துப்புரவு அக்காவைக் கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை; அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டியது. அந்த நிரந்தர உத்தரவுக்காகவே ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்.

“மூணு நாளா தேய்ச்சுப் பாத்துட்டேங்க. நம்ம திரவத்தையே தண்ணி கலக்காம ஊத்தினேன். போகலை” என்றார் அக்கா.

எங்கள் திரவத்துக்குப் போகாத கறையே கிடையாது என்று புட்டியிலேயே அச்சடித்திருக்கிறோம். ஆகவே, ஒன்று திரவம் பொய். இல்லையென்றால் பலகை தப்பு. இல்லையென்றால் அக்கா தேய்க்கவே இல்லை. குழு அவசரமாகக் கூடி, ஆழ்ந்து ஆராய்ந்து, மூன்றாவதை ஒருமனதாக ஏற்றது.

பணிநீக்க உத்தரவை அதே எழுத்துருவில் அச்சிட்டோம். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எழுதியவன் நான், எனக்கே படிக்க வரவில்லை. வாயால் சொன்னேன்.

“தேய்ச்சது தப்புன்னு போட்டிருக்கா, தேய்க்காதது தப்புன்னு போட்டிருக்கா சார்?”

“தேய்க்காததுதான்மா.”

பெற்றுக்கொண்டதற்குக் கைரேகை வைக்கச் சொன்னோம். கையெழுத்துப் போடத் தெரிந்தாலும் துப்புரவுப் பணியாளர் ரேகைதான் வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. பலகையில் வேலை செய்யாத திரவம் அவர் விரலில் நன்றாகவே வேலை செய்திருந்தது. தோல் உரிந்து, ரேகை விழாமல், பிசிறு பிசிறாக ஒரு மைத் திட்டுதான் விழுந்தது. வடிவமைப்பாளர் ஓடி வந்து அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

எங்கள் அடுத்த எழுத்துரு அதிலிருந்துதான் பிறந்தது. ‘இதில் உழைப்பு தெரிகிறது’ என்று சொல்லி விருது கொடுத்தார்கள். யாருடைய உழைப்பு என்று யாரும் கேட்கவில்லை. மேடையேறி வாங்கிக்கொண்டவன் நான். என் பத்து விரலிலும் ரேகை பத்திரமாக இருக்கிறது.