சுருளியாண்டியும் செந்தூசிக் கிரகத்தின் கடைசி உயிரும்

ஒரு காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. நடுக்காட்டில் இல்லை, அங்கே டவர் கிடைக்காது. அருவிக்குப் போகிற பாதையோரமாக, போனில் இரண்டு கோடு விழுகிற இடமாகப் பார்த்து வளை தோண்டியிருந்தது. உடம்பெல்லாம் செதில், சாப்பாடு எறும்பும் கறையானும், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதன் பேர் சுருளியாண்டி. பேர் சொன்ன பிறகு அது இது என்பது மரியாதை இல்லை. இனி அவன் என்றே வைத்துக்கொள்வோம்.

அருவியில் குளிக்க வந்த யாரோ ஒரு புண்ணியவான் போனையும் சார்ஜரையும் பாறை மேல் மறந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சுருளியாண்டி எறும்பு தேடுவது குறைந்துபோயிற்று. போனில் ‘அண்டம் சுற்றி’ என்று ஒரு விளையாட்டு இருந்தது. விண்கலத்தில் ஏறிக் கிரகம் கிரகமாகப் போக வேண்டும். அங்கே திரிகிற உயிர்களைத் தேடிப்பிடித்து, கேமராவை நேராகக் காட்டிப் பதிய வேண்டும். யார் முதலில் பதிகிறார்களோ அவர்கள் வைப்பதுதான் அந்த உயிருக்குப் பேர். அப்புறம் யார் பார்த்தாலும் அந்தப் பேர்தான் வரும்.

சுருளியாண்டி இறங்கியது செந்தூசிக் கிரகம் என்கிற பொட்டல். ஆறு காலில் நடக்கிற ஆடு, மூக்கால் பறக்கிற தவளை என்று அங்கே இருந்ததையெல்லாம் பதிந்துவிட்டான். மிச்சம் ஒன்றே ஒன்று. மண்ணுக்குள் வாழ்கிற ஏதோ ஒரு உயிர். திடீரென்று தலையை நீட்டும், கண்ணை மூடித் திறப்பதற்குள் உள்ளே போய்விடும். அதை இதுவரை ஒருத்தரும் பதிந்ததில்லை.

அதைக் கண்டுபிடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. அது தலையை நீட்டியதும் இவன் பயந்து சுருண்டுவிடுவான், அதுதான் கஷ்டம். போன் வயிற்று மடிப்புக்குள் மாட்டிக்கொள்ளும். அவிழ்ந்து பார்த்தால் வெறும் மண்தான் இருக்கும். ஒரு தடவை மூக்கு எந்தப் பொத்தானில் பட்டதோ, விண்கலத்தையே பாதி விலைக்கு விற்றிருந்தான்.

“இத்தனூண்டு போனுக்குள்ள இருக்கறதப் பார்த்து இந்தத் தடிமாட்டு உடம்பு நடுங்குது. நானெல்லாம் விண்வெளி வீரன்! வெளங்கிரும்” என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வான். திட்டிவிட்டுப் பழையபடி ஆட உட்காருவான். அழுங்குப்பிடி என்றால் அழுங்குப்பிடிதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூக்கால் பறக்கிற தவளையைப் பதிந்த அன்று, சந்தோஷம் தாங்காமல் “இங்க பாரேன்!” என்று திரும்பினான். திரும்பினால் மண்சுவர். மலைக்கு இந்தப் பக்கம் வேறு அழுங்கே கிடையாது. அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்து வளையில் ஒரு முள்ளம்பன்றி. அவர் பேர் மொக்கச்சாமி. முள்ளம்பன்றிக்கு அந்தப் பேரை எந்த மகராசன் வைத்தானோ! அவருக்குச் சுருளியாண்டியின் சங்கடம் தெரியும்.

“ஏப்பா சுருளி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ள இருக்கு. ஒச்சம்மான்னு பேரு. பேசி முடிச்சிருவமா?”

“பத்துப் பொருத்தமும் பார்க்க வேணாமாண்ணே?”

“இந்தப் பக்கம் நீ ஒருத்தன். அந்தப் பக்கம் அவ ஒருத்தி. இதுல என்னத்தப் பொருத்தம் பார்க்க? உன்னயப் பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போனா நடுவழியில சுருண்டுக்குவ. அதனால புள்ளையவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்க வரச் சொல்லிட்டேன். அந்தப் போனை மட்டும் அன்னைக்கு ஓரமா வச்சிரு.”

“சத்தியமா வச்சிர்றேண்ணே.”

வெள்ளிக்கிழமை வந்தது. வளையைச் சுத்தம் செய்தான். புற்றை உடைத்து, இளங்கறையானாகப் பார்த்துத் தேக்கிலையில் பரப்பி வைத்தான். பாறையில் முதுகைத் தேய்த்துச் செதிலெல்லாம் பளபளக்கச் செய்தான். இத்தனையும் முடிந்தும் பொழுது சாயவில்லை. அவள் வருகிற வரைக்கும்தானே, ஒரே ஒரு சுற்று என்று போனை எடுத்தான். அந்த ஒரே ஒரு சுற்றைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

செந்தூசிக் கிரகத்தில் மண் அசைந்தது. ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. ‘சுருளாதே, சுருளாதே’ என்று பல்லைக் கடித்திருப்பான். அழுங்குக்குப் பல் கிடையாது என்பதால் வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதிசயம், உடம்பு சுருளவில்லை. கேமராவை மெல்லத் திருப்பினான்.

“வீட்ல யாருங்க?” என்று வாசலில் ஒரு குரல்.

படாரென்று சுருண்டுவிட்டான். அந்தச் செதில் சத்தத்தில் வாசலில் நின்றவளும் மிரண்டு சுருண்டாள். அவளும் அழுங்குதானே! வளைக்குள் ஒரு பந்து, வாசலில் ஒரு பந்து. மாப்பிள்ளை பார்க்கும் வைபவம் இப்படி ஆரம்பமாயிற்று.

ஒச்சம்மாதான் முதலில் அவிழ்ந்தாள். “நான்தாங்க. மொக்கச்சாமி அண்ணன் சொல்லிருப்பாகளே...”

சுருளியாண்டி அவிழத்தான் நினைத்தான். ஆனால் வயிற்று மடிப்புக்குள் போன் வெளிச்சம். அந்த மூக்கு இன்னும் உள்ளே போகாமல் நிற்கிறது!

“ஒரு நிமிசங்க” என்றது பந்து. “ரொம்ப அபூர்வமான ஒண்ணு வந்திருக்கு. இப்ப விட்டா எனக்கு இந்த ஜென்மத்துல கிடைக்காது. கொஞ்சம் அசையாம இருங்க.”

ஒச்சம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. இப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல அங்கே ஆளும் இல்லை. கூச்ச சுபாவம் போல, உள்ளே இருந்தே பேசுகிறார் என்று அசையாமல் உட்கார்ந்தாள்.

“ஆத்தாடி, கண்ணு எம்புட்டு அழகு!” என்றது பந்து.

ஒச்சம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“மூக்குதான் லேசா கோணல்.”

ஒச்சம்மா மூக்கைத் தடவிப் பார்த்தாள். “கோணலாவா இருக்கு?”

“சே, மண்ணைத் திங்குது! பீடை, கொஞ்சம் திரும்புனா என்ன? ஐயையோ போச்சு! சனியன் உள்ள போயிருச்சு!”

“யாரச் சொன்னீக?” என்றாள் ஒச்சம்மா. குரல் மாறியிருந்தது.

அப்போதாவது அவிழ்ந்திருக்கலாம். இப்போது வெட்கம் வந்து இன்னும் இறுக்கிவிட்டது. பந்துக்குள் இருந்தபடியே அவன் விளக்கினான். விளக்கினான் என்றால், விளையாட்டின் பேர், கிரகம், எந்த மேட்டில் எந்தப் பாறைக்குப் பக்கத்தில் மண் அசையும், வாலைப் பிடித்துக்கொண்டால் சுருளாமல் இருக்கலாம் என்கிற ரகசியம் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மன்னிப்புக் கேட்பதை மட்டும் மறந்துவிட்டான்.

“எங்கிட்டயும் ஒரு போனு இருக்கு. பாட்டு மட்டுந்தான் கேப்பேன்” என்றாள் ஒச்சம்மா. தேக்கிலையில் இருந்த கறையானை ஒன்று விடாமல் நக்கினாள். “சாப்பாடு நல்லாருந்துச்சு. வாரேன்.”

அவன் அவிழ்ந்து வந்தபோது யாரும் இல்லை. அவள் சுருண்ட இடம் வாசல் மண்ணில் வட்டமாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்து அழுதுவிட்டான்.

“அண்டத்துல எங்கயோ இருக்கற அபூர்வத்தத் தேடுற. வாசல்ல வந்து நின்ன அபூர்வத்தப் பீடைங்குற!” என்று மொக்கச்சாமி எகிறினார். “நீயெல்லாம் ஒரு பிறவி!”

“பிறவிகூட இல்லண்ணே, பந்து” என்றான் சுருளியாண்டி.

சில நாள் போனைத் தொடவில்லை. அப்புறம் தொட்டான். செந்தூசிக் கிரகத்தில் அதே மேடு, அதே பாறை. மண் அசைந்து தலை நீண்டது. இந்தத் தடவை பயமே வரவில்லை. இனிமேல் பயந்து என்ன ஆகப்போகிறது? நிதானமாகக் கேமராவைக் காட்டிப் பொத்தானை அமுக்கினான்.

திரையில் எழுத்து வந்தது: ‘இந்த உயிர் ஏற்கனவே பதியப்பட்டுவிட்டது. முதலில் கண்டவர்: ஒச்சம்மா. வைத்த பெயர்: சுருளியாண்டி. குறிப்பு: கூப்பிட்டால் வராது. வாசலில் ஆள் நின்றால் சுருண்டுகொள்ளும். விருந்து மட்டும் நன்றாக வைக்கும்.’

சுருளியாண்டி அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். மானம் போனதற்கு அழுவதா, பேர் வைக்கிற அளவுக்கு நினைத்திருக்கிறாளே என்று சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டான். தேக்கிலையில் கறையானைக் கட்டினான். சார்ஜரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டான். மலையேறி அந்தப் பக்கம் இறங்கினான். வழியில் சருகு சலசலத்தபோதெல்லாம் சுருண்டான் என்பது உண்மைதான். ஆனால் சரிவில் சுருண்டதால் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தான்.

ஒச்சம்மாவின் வளை வாசலில் நின்று மூச்சு வாங்கினான். வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“வீட்ல யாருங்க?”

உள்ளே படாரென்று செதில் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பந்து பேசியது.

“ஒரு நிமிசங்க! பனிக் கிரகத்துல ரொம்ப அபூர்வமான ஒண்ணு வந்திருக்கு. அசையாம இருங்க!”

சுருளியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பொருத்தமான பெண்ணை அவன் கனவிலும் நினைத்ததில்லை. சத்தம் போடாமல் வாசலில் உட்கார்ந்து இலையைப் பிரித்து வைத்தான்.

“அவசரமே இல்லங்க. வாலைப் பிடிச்சுக்கிட்டு நிதானமா குறி பாருங்க” என்றான்.

கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு ஒரு மூக்கு வந்தது. லேசான கோணல் இருந்தது உண்மைதான். அவன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

“இங்க பாருங்களேன், சிக்கிருச்சு!” என்று போனை நீட்டினாள் ஒச்சம்மா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் திரை அணைந்துபோயிற்று. “அடச்சே! எலி வந்து வயரைக் கடிச்சிருச்சுங்க. உங்ககிட்ட சார்ஜர் இருக்கா?”

அவன் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டான். கல்யாணம் அத்தோடு முடிந்தது.

நீதி: பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சார்ஜர் பின் பொருந்த வேண்டும்.