காரணம் சேரும் எங்கள் சங்கத்தின் ஒரு வருடமும்

புத்தளம் மாவட்டத்தில் 'முடியாது' என்ற சொல்லை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போகாத ஒரே மனிதர் காரணம் சேர்தான். எதற்கும் காரணம் கேட்பதால் ஊர் வைத்த பட்டம் அது; சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

பாலாவிச் சந்தியில் பஸ் நிற்காமல் போனால் முச்சக்கரவண்டி பிடித்துத் துரத்துவார். "தம்பி, நிக்காததுக்குக் காரணம் என்ன? எழுத்தில தாங்க!" கொண்டக்டர் பாவம், டிக்கெட்டின் பின்பக்கம் 'சனம் கூடிப்போச்சு' என்று எழுதிக் கொடுத்தான். சேர் அதைக் கோப்பில் போட்டு வைத்திருந்தார். நானே பார்த்தேன்.

விசர் என்று நினைக்காதீர்கள், எங்கள் தொழிலே அதுதான். அரசாங்கக் கந்தோர்கள் எடுக்கும் பிழையான முடிவுகளுக்கு எதிராக வாதாடும் சட்டத்தரணிகள் நாங்கள். சிலாபத்தில் எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. போன வருடம் சேர் செயலாளர், நான் உப செயலாளர்.

தையில் குத்துவிளக்கு ஏற்றி வருடத் திட்டத்தை வெளியிட்டோம். மாசியில் 'மக்கள் குரலைக் கேட்போம்' என்று கருத்தரங்கு. நாலு பேர் மாறி மாறிப் பேசினார்கள். வந்திருந்த மக்களுக்கு ஒரு கேள்வி கேட்கக்கூட நேரம் வரவில்லை. சேர் எழும்பினார்.

"தலைவர், சனத்தைக் கதைக்க விடாததுக்குக் காரணம்?"

"சாப்பாடு ஆறுது சேர்."

"அதை எழுத்தில தாங்க."

தலைவர் சிரித்தார். எழுதவில்லை.

பங்குனியில் கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்கச் சுற்றுலா. குடும்பத்தோடு படகில் போய்க் கூத்தடித்துத் திரும்பினால், சேர் கரையில் ஒரு கருவாட்டு வாடிக் கொட்டிலுக்குள், காயும் நெத்தலிக்கு நடுவில், கடிதம் வாசித்துக்கொண்டிருந்தார். வாடி மரியம்மாக்காவுடையது. கடலுக்குப் போன புருசன் திரும்பி வராத நாளிலிருந்து மூன்று பிள்ளைகளுக்கும் அந்த வாடிதான் சோறு போட்டது. கடிதத்தில் ஒரே வரி: 'உமது அனுமதி இரத்துச் செய்யப்படுகிறது.' பக்கத்துக் காணியில் ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. கருவாட்டு மணம் அவர்களுக்கு ஒத்துவராது என்று கரை முழுக்கக் கதை. கடிதம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

"வாடி போனா நான் எங்க போய்க் காயப்போடுறது ஐயா?"

"காரணம் சொல்லாம ஒருத்தரும் உங்கள எழுப்ப ஏலாது அக்கா. மேன்முறையீடு போடுவம், அந்த விசாரணைக்கு எங்கட சங்கமே வந்து நிக்கும்."

நாங்களும் வீரமாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். விசாரணை நாளில் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு சேருக்குப் பக்கத்தில் போய் நிற்பது என்று, ஏகமனதாக. முன்மொழிந்தது நான்.

பிறகு தலைவர் ஒரு வேலை பார்த்தார். வருடாந்த விருந்துக்குப் பிரதம விருந்தினராக, அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்த அதே அதிகாரியை அழைத்துவிட்டார். அவர் ஓம் என்றதுதான் தாமதம், எங்கள் சங்கத்தில் கொள்ளைநோய் புகுந்தது. வட்ஸ்அப்பில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு நாரிப்பிடிப்பு. இன்னொருவருக்கு மாமியாரின் செத்தவீடு. அந்த மாமியார் பங்குனியில் எங்களோடு டொல்பின் பார்த்தவர்! நான் 'தவிர்க்க முடியாத காரணம்' என்று போட்டேன். 'எது?' என்று சேர் கேட்டார். வாசித்துவிட்டுப் போனை மூடினேன்.

விசாரணைக்குச் சேரும் மரியம்மாக்காவும் மட்டும் போனார்கள். பத்து நிமிடத்தில் கதை முடிந்தது. அடுத்த கிழமை வாடியைப் பிரித்தார்கள். மரியம்மாக்கா இப்போது அந்த ஹோட்டலில்தான் படுக்கை விரிப்புத் தோய்க்கிறாராம்.

விருந்து அமோகம். அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தி, இறால் பொரித்துப் போட்டு, வரிசையாக நின்று படம் எடுத்தோம். சேர் வரவில்லை, அவருடைய கடிதம் வந்தது. 'செயலாளர் பதவியிலிருந்து விலகுகிறேன்.' அவ்வளவுதான். ஊரெல்லாம் காரணம் கேட்டு அலைந்த மனிதர் ஒரு காரணமும் எழுதவில்லை. கூட்டத்தில் நான் வாசித்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதையும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம்.

ஆண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'கரையோர மக்களின் பிரச்சினைகளில் சங்கம் விசேட கவனம் செலுத்தியது' என்று எழுதினேன். சீ! எழுதின கைக்குக் கூச்சமே இல்லை.

போன கிழமை சிலாபம் மீன் சந்தையில் சேரைக் கண்டேன். பாரை விலை நேற்றையைவிடக் கூடினதற்குக் காரணம் கேட்டு மீன்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார். இப்போது கேட்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

மீன்காரரிடம்கூடக் கேட்கிறவர் என்னிடம் கேட்காமல் போனதுதான் தாங்க முடியவில்லை. சேர், நீங்கள் கேட்காவிட்டாலும் எழுத்திலேயே தருகிறேன். என்னுடைய நாலு வழக்குக் கோப்புகள் அந்த அதிகாரியின் மேசையில் கிடந்தன. பயந்துவிட்டேன். இதையும் அந்த பஸ் டிக்கெட்டோடு சேர்த்துக் கோப்பில் போட்டு வையுங்கள்.