உயிர் மேல் ஆசையுள்ள நாற்பத்தொரு படைகள்

இந்த வருஷம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடக் கையால் தொடுவதில்லை என்று டங்கன் சபதம் எடுத்தான். பல் துலக்கும்போது எடுத்த சபதம். வாயில் நுரையோடுதான் எடுத்தான். ஆனாலும் சபதம் சபதம்தான்.

அக்டோபர் பிறந்தால் ரான்ஃபர்லி ஊர்ப் பக்கம் எல்லாப் பண்ணையிலும் குட்டிகளுக்கு வால் எடுக்கிற வாரம் வந்துவிடும். ஊசி போடுகிறவருக்கும், வால் தானாகக் காய்ந்து விழ அதில் ரப்பர் வளையம் மாட்டுகிறவருக்கும் கௌரவமான வேலை. குட்டியைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, நாலு காலையும் இறுக்கி நீட்டுகிறவனுக்கு உதை. உதையோடு விட்டாலும் தேவலை, குட்டி பயத்தில் செய்கிற மற்ற காரியமும் அவன் சட்டை மேல்தான். இப்படி ஒருநாளைக்கு எண்ணூறு குட்டி.

ஐந்து வருஷமாக டங்கன் தப்பித்துவந்தான். இடுப்பு வலி, முழங்கால் வலி, மறுபடியும் இடுப்பு வலி என்று போய், போன வருஷம் கம்பளி அலர்ஜியில் வந்து நின்றது. கம்பளிக் கம்பெனிக்கு இருபது வருஷமாக ஏஜென்ட்டாக இருப்பவனுக்குக் கம்பளி அலர்ஜியாம்! அவன் மனைவி ரேவின் அதைக் கேட்டுச் சிரிக்கக்கூட இல்லை. பண்ணை அவள் அப்பா வழி வந்தது. ஆடும் அவளுடையது, நாயும் அவளுடையது, கோபமும் அவளுடையது.

இந்த வருஷம் வால் எடுக்கிற அதே வாரத்தில்தான் ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்க அனுமதி தொடங்குகிறது. சிநேகிதன் ராஸ் கரையோரமாக ஒரு குடிசையே பேசிவைத்துவிட்டான். டங்கனுக்கு ராத்திரி கண்ணை மூடினால் மீன் துள்ளியது.

"என்னய்யா, இந்த வருஷம் எங்க வலிக்குது?" என்றாள் ரேவின், ஸ்கோன் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே.

"எங்கயும் வலிக்கல. ஆம்பளையா நேருக்கு நேரா ஒரு பந்தயம் வெச்சுக்கலாம்னு பாக்குறேன்."

"ஆம்பளைக்கு எங்க போக?"

"கேலியெல்லாம் வேணாம். கம்ப்யூட்டர்ல நான் ஆடுவேனே, அந்தப் போர் விளையாட்டு. நீயும் நானும் ஆடுவோம். நான் ஜெயிச்சா ராஸோட ஒரு வாரம் மீன் பிடிக்கப் போறேன். நீ ஜெயிச்சா வாரம் முழுக்க குட்டி பிடிக்கிறேன், ஒரு முனகல் இல்லாம."

"முனகல் இல்லாமன்னு எழுதிக் குடு."

எழுதியே கொடுத்தான். அவள் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

பதினோரு வருஷமாக அந்த ஆட்டத்தை ஆடுகிறவன் டங்கன். ரேவின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. இதைத்தான் அவன் நேருக்கு நேர் என்று சொன்னான். வரைபடத்தையும் அவனே போட்டான், படைகளையும் அவனே பங்கிட்டான். அவனுக்கு நாற்பத்தொரு படைப்பிரிவு, அவளுக்கு ஆறு குதிரைப்படை.

"ஏன் எனக்கு ஆறுதான்?"

"புதுசா ஆடுறவங்களுக்கு நிறைய குடுத்தா குழம்பிடும்மா. உன் நல்லதுக்குத்தான்."

"எவ்ளோ நல்ல மனசு உனக்கு!"

ஒரே ஒரு இடைஞ்சல். திங்கட்கிழமை அவன் மலைப் பண்ணைகளுக்குக் கம்பளி பார்க்கக் கிளம்ப வேண்டும். நாலு நாள். அங்கே செல்போன் எடுக்காது. ஆட்டமோ யாருக்காகவும் நிற்காது. தினம் மூன்று சுற்று, தானாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

"நீ இல்லாதப்ப உன் படை என்ன செய்யும்?" என்று ரேவின் கேட்டாள்.

கேட்டதும் டங்கனுக்குக் குஷி பிறந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அதுக்குத்தான் தானா பின்வாங்குற கட்டளைன்னு ஒண்ணு இருக்கு. கப்பலுக்கெல்லாம் கிடையாது, தரைப்படைக்கு மட்டும். ஒரு தடவ போட்டுட்டா நான் எங்க இருந்தாலும் படை பொழச்சுக்கும்."

"எப்ப பின்வாங்கும்?"

"அது நம்ம இஷ்டம். பாதிப் பேர் செத்தப்புறம்னு வைக்கலாம். கால்வாசின்னு வைக்கலாம்."

"நீ என்ன வெச்சிருக்க?"

டங்கன் கொஞ்சம் நெளிந்தான். "எதிரி பக்கத்துல வந்தாலே."

"ஒரே ஒரு குதிரைப்படை வந்தாலுமா?"

"ஒண்ணோ ஒம்பதோ, உயிர் உயிர்தானே ரேவின்!"

அவன் பொய் சொல்லவில்லை. நாற்பத்தொன்றுக்கும் பெயர் வைத்திருந்தான். ஒரு சிப்பாய் செத்தால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"ஓடுறப்ப எந்தப் பக்கம் ஓடும்?"

"எதிரி இல்லாத பக்கம்."

"ஒண்ணொண்ணும் ஒரு பக்கமா சிதறுமா?"

"சேச்சே! ஒண்ணு போற பக்கமே மத்ததெல்லாம் போகும். கட்டுக்கோப்பு!"

"ஓடுறதுக்கு இடமே இல்லன்னா?"

"சரணடைஞ்சிடும். அது எங்க நடக்கப் போகுது, இவ்ளோ பெரிய நாட்டுல?"

ரேவின் தட்டை அடுப்புக்குள் தள்ளிக் கதவை மூடினாள். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பார்கள். முப்பது வருஷமாக, ஆட்டு மந்தை ஓட்டும் நாய்களுக்கான போட்டிகளில் கோப்பை வாங்குகிறவள் அவள். அவள் பழக்கும் நாய் குரைக்காது, கடிக்காது, ஆட்டின் பக்கத்தில்கூடப் போகாது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்று பார்க்கும், அவ்வளவுதான். இருநூறு ஆடும் பட்டிக்குள் போய்விடும். அந்தக் கோப்பைகளில்தான் டங்கன் தூண்டில் முள்ளைப் போட்டு வைத்திருந்தான். கண் எதிரே இருந்தும் மண்டையில் உறைக்கவில்லை, என்ன செய்ய!

நாலு நாளும் மலையில் ராஜா மாதிரி திரிந்தான். புதன்கிழமை ஒரு பண்ணை வீட்டுத் தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டான்.

"எப்படிம்மா போகுது?"

"ஒண்ணுமே முடியல டங்கன். நான் எங்க போனாலும் உன் ஆளுங்க நகர்ந்துடறாங்க. ஒருத்தன்மேலகூட கை வைக்க முடியல."

"முடியாது! எப்படி முடியும்? அழாத, நான் வந்து சொல்லித் தரேன்."

"நான் அழல. கொஞ்சம் சளி."

பாவம், பெண்டாட்டி அழுகிறாள் என்று அவனுக்கு ஒரு நிமிஷம் மனசு இளகியது. அடுத்த நிமிஷம் ராஸைக் கூப்பிட்டுப் புழுவுக்குச் சொல்லிவைத்தான்.

வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டருக்கு ஓடினான். திரையில் முதல் வரியே கண்ணைக் குளிரவைத்தது. இழப்பு: பூஜ்யம்.

"பாத்தியா! பதினோரு சுற்று! ஒருத்தன் சாகல! ஒருத்தனுக்கு சுளுக்கு இல்ல!"

"கீழ படத்தப் பாரு," என்றாள் ரேவின்.

பார்த்தான். நாடு முழுக்கக் காலி. மலை காலி, சமவெளி காலி, தலைநகரம் காலி. நாற்பத்தொரு படையும் தெற்குக் கோடியில், மூன்று பக்கம் கடல் சூழ்ந்த ஒரு மூக்கு நுனியில் மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கியடித்து நின்றன. வெளியே வர ஒரே வழி. அந்த வழியில் அவளுடைய ஆறு குதிரைப்படையும் நின்றன.

"இது... இதெப்படி?"

"ஒண்ணை இடது பக்கம் நிறுத்தினேன், ஒண்ணை வலது பக்கம். கொஞ்சம் பொறுமையா நடந்தேன். உன்னுது ரொம்பச் சாது. எங்க ஆடாவது ஒண்ணு ரெண்டு முரண்டு பிடிக்கும்."

"இப்பவே கட்டளையை மாத்துறேன்!"

"மாத்து. அடுத்த சுற்றுலதான் செல்லும்னு போட்டிருக்கு. இந்தச் சுற்று இன்னும் ஒரு நிமிஷத்துல. நீ வந்து பாக்கணும்னுதான் கடைசி அடிய வெச்சிருந்தேன்."

ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆறு குதிரைப்படையும் ஓர் அடி முன்னே வைத்தன. நாற்பத்தொன்றும் ஒன்றுபோலக் கையைத் தூக்கின.

டங்கனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை. "இது செல்லாது! போர்னா சண்டை போடணும்! நீ சண்டையே போடல! எனக்கு வேற இடுப்புல மறுபடியும்..."

ரேவின் எழுந்து அவனைப் பார்த்தபடி ஓர் எட்டு வைத்தாள்.

டங்கன் ஓர் எட்டு பின்னால் வைத்தான். "ராஸ் புழுவெல்லாம் வாங்கிட்டான்மா..." அவள் இன்னோர் எட்டு. அவன் சமையலறை தாண்டி வாசலுக்கு வந்துவிட்டான். "நியாயத்தை நீயே சொல்லு..." முற்றத்தில் வலது கைப்பக்கம் கார் நின்றது. அந்தப் பக்கம் ஒதுங்கப் பார்த்தான். அதற்குள் ரேவின் அந்தப் பக்கம் வந்து நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். இடது பக்கம் திரும்பினான். அங்கேயும் அவளே. சரி, பின்னால்தான் நிறைய இடம் இருக்கிறதே என்று பேசிக்கொண்டே நகர்ந்தான்.

முழங்காலில் ஏதோ சூடாக முட்டியது. குனிந்து பார்த்தான். குட்டி. சுற்றிலும் குட்டி. பட்டிக் கதவின் தாழ்ப்பாள் கிளிக்கென்று விழுந்தது.

முற்றத்தில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது, தனக்கு வேலையில்லை என்று தெரிந்து மறுபடி தூங்கிப்போனது.