பின்வேலியில் பாடம் கேட்டவர்

அருள்நேசனின் கொம்பியூட்டர் கேட்ட கேள்விக்கு அருள்நேசன் பதில் சொல்லவில்லை. பின்வேலிக்கு அப்பால் நின்று வேறு யாரோ சொன்னார்கள்.

பொழுதுபட்டு, பனைகள் கறுத்து, எதிரே நிற்கிறவரின் முகம் தெரியாத நேரம். தண்ணீர் வாளியும் கையுமாகத் தக்காளிச் செடிகளுக்கு நடுவே அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"கொஹேத யன்னே?" என்று பனங்கம்பில் கட்டியிருந்த ஸ்பீக்கர் மறுபடி அதட்டியது. எங்கே போகிறீர்கள் என்பது கேள்வி. மாணவன் பதில் சொல்வதற்காகப் பாடத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் வேலிக்குப் பின்னாலிருந்து மெல்லிய, நடுங்கிய ஆண் குரல் ஒன்று சிங்களத்தில் ஏதோ சொன்னது.

"ஹையென் கியன்ன!" என்றது ஸ்பீக்கர். சத்தமாகச் சொல்லுங்கள்.

குரல் சத்தமாகச் சொன்னது.

வாளி கீழே விழுந்தது. அவன் தட்டுத்தடுமாறி வேலியை எட்டிப் பார்த்தபோது, கடலுக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு குருவிகூட இல்லை. சோளகக் காற்று மட்டும் ஓலையை உரசிக்கொண்டிருந்தது.

பாவம், அவன் பட்ட பாடு அப்படி. ஆறு வயதில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவன். மண்டபம் முகாமில் வளர்ந்து, கொம்பியூட்டர் படித்துப் பட்டமும் வாங்கி, சண்டை முடிந்தபிறகு மனைவி றஞ்சினியோடு ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பி வந்தவன். கந்தோர் ஒன்றில் வேலையும் கிடைத்தது. ஆனால் அந்த வேலை நிரந்தரமாவதற்குச் சிங்களப் பரீட்சை பாஸ்பண்ண வேண்டும். எழுத்தில் தப்பிவிடுவான், வாய்மொழியில் இரண்டு தரமும் குண்டு. மூன்றாம் தரமும் தவறினால் வேலை போய்விடும்.

"வேலை போனா நான் இந்த வெறும் மணலுக்குள்ள இருக்கமாட்டன். அம்மாவிட்ட முகாமுக்கே போயிடுவன்" என்று றஞ்சினி தெளிவாகச் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

வேலை விட்டு வந்தால் அவனுக்குத் தோட்டம். மன்னார் மணலில் ஊற்றின தண்ணீர் நிற்காது என்பதால் உரப்பைகளில் மண் நிரப்பி, பின்வேலி நீளத்துக்கு அடுக்கி, தக்காளியும் மிளகாயும் வைத்திருந்தான். படிப்பதற்கும் அந்த நேரம்தான். உடைந்த பெட்டிகளின் பாகங்களைப் பொறுக்கித் தானே பூட்டிய கொம்பியூட்டரிலிருந்து வயர் இழுத்து, பாடத்தைத் தோட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டான். இவ்வளவு கெட்டித்தனத்திலும் ஒரு குறை. பாடம் கேள்வி கேட்கும்போது இவன் மிளகாயில் வெள்ளைப்பூச்சி பார்த்துக்கொண்டிருப்பான்.

இப்போது இவனுக்குப் பதிலாக வேறு யாரோ படிக்கிறார்கள்.

"இஞ்சேருங்கோ, அது எதிரொலி" என்றாள் றஞ்சினி.

"எதிரொலி கேள்வியைத்தான் திருப்பிச் சொல்லும். மறுமொழி சொல்லாது."

"அப்ப உங்கட பெட்டியில ஏதோ பிழை."

பெட்டியைக் கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டினான். பிழை பெட்டியில் என்றால் சத்தத்தைக் கூட்டினால் தெரிந்துவிடும் என்று கூட்டியும் வைத்தான். மறுநாள் மாலை ஸ்பீக்கர் ஊர் கிடுகிடுக்கக் கேட்டது. பதிலும் வந்தது. இந்த முறை ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு "மஹத்தயா" சேர்ந்திருந்தது. ஐயாவே, துரையே என்கிற மாதிரி.

றஞ்சினி உள்ளே ஓடிப்போய்ச் செபமாலையை எடுத்தாள்.

அருள்நேசன் கொம்பியூட்டர்காரன் அல்லவா, சும்மா விடுவானா? செடிகளுக்கு இடையில் மைக் ஒன்றை ஒளித்து வைத்து அந்தக் குரலைப் பிடித்துவிட்டான். பிடித்ததைக் கந்தோரில் கூட வேலை செய்யும் சனூனிடம் கொண்டுபோனான். சனூன் பக்கத்துத் தாராபுரத்து ஆள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்ததால் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

போனைக் காதில் வைத்துக் கேட்ட சனூனின் சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது.

"இது ஆரு அருள்?"

"தெரியாது. என்ன சொல்லுது?"

"'கடலுக்குப் போறன் ஐயா. விடிய வந்திடுவன் ஐயா. வீட்டில மனுசியும் பிள்ளையளும் ஐயா, வேற ஒருத்தரும் இல்ல.' இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுது." சனூன் போனை மேசையில் வைத்து, கையையும் துடைத்துக்கொண்டான். "இந்தக் காலத்தில இப்பிடி ஒருத்தரும் கதைக்கிறயில்ல. இது அந்த நேரம் கடலுக்குப் போய்த் திரும்பி வராத ஆரோ. மவுத்தானவன்ட, செத்தவன்ட கதை வாப்பா. நீ பாடத்தைப் போட்டு எழுப்பிட்டாய்."

ஊருக்குள் விசாரிக்கலாம் என்றால் அருள்நேசனுக்குத் தெரிந்தவர் முன்வீட்டுச் சந்தியோகு மட்டும்தான். சண்டைக்காலம் முழுக்க ஊரைவிட்டு அசையாத மனிதர். ஒரு கண்ணில் வெள்ளை விழுந்து, மற்றதும் மங்கல். மாலையானால் றஞ்சினியைப் பார்த்து "தம்பி" என்பார். ஆனாலும் கடலை விடவில்லை. அவர் தொண்டை அந்தோனியார் கோயில் மணிக்குச் சமம். கடலில் நின்று கூப்பிட்டால் மனைவி அன்ரோனெற் கரையில் உலை வைப்பாள்.

"சந்தியோகண்ணை, பின் ஒழுங்கையில பொழுதுபட்டா ஏதேனும்... சத்தம் கேக்கிறதோ?"

சந்தியோகு சுற்றிலும் ஒருதரம் பார்த்தார். அந்த மணித்தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வருமென்று அருள்நேசன் நினைத்திருக்கவில்லை.

"உங்களுக்கும் கேட்டதோ? எல்லாரும் போயிட்டினம் எண்டுதான் தம்பி நானும் நினைச்சன். போகேல்லை. அதைப்பற்றி ஒருத்தரிட்டையும் கதையாதையும். கேட்டாலும் கேளாத மாதிரி இரும்."

போதாதா? றஞ்சினி அன்றைக்கே பெட்டி அடுக்கத் தொடங்கினாள்.

"பரீட்சை முடியுமட்டும் பொறு றஞ்சி. பத்து நாள்தான்."

"பத்து நாளும் அது வெளியிலதான் நிக்குமெண்டு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்வி. அது உள்ளே வராமல் இருக்க உரப்பைகளை இரட்டை வரிசையாக்கி நெஞ்சுயரத்துக்கு அடுக்கினான். செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் எட்டிப்பார்க்கவும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டான். யாரும் கிட்ட வந்தால் தானே எரிகிற பெரிய லைற் ஒன்றையும் பூட்டி ஒழுங்கைப் பக்கம் திருப்பிவிட்டான். பாடத்தை மட்டும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பரீட்சை போய்விடும்.

அன்று மாலை லைற் படாரென்று எரிந்தது. இருவரும் யன்னலால் பார்த்தார்கள். ஓலைவேலியில் ஒரு நிழல் விழுந்திருந்தது. ஆள் உயரம். இரண்டு கைகளும் தலைக்கு மேலே விரிந்திருந்தன.

"யேசுவே, சிலுவையில நிக்கிற மாதிரியெல்லோ நிக்குது" என்று றஞ்சினி அவன் தோளில் நகம் பதியப் பிடித்தாள்.

"கெதர கவுத இன்னே?" என்றது ஸ்பீக்கர். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நிழல் சொன்னது. மனுசி. பிள்ளைகள். வேறு ஒருத்தரும் இல்லை, ஐயா.

அதற்கடுத்த மாலை, உரப்பைகளின் மேல் வாழையிலையில் சுற்றிய ஒரு பொதி இருந்தது. பிரித்தால் நான்கு பாரை மீன்கள், செவுள் இன்னும் சிவப்பாக. கடலுக்குப் போய் வராதவன் வீட்டுக்குக் கொண்டுவந்த மீன் என்று நினைத்த மாத்திரத்தில் றஞ்சினிக்கு வாய்விட்டு அழுகை வந்தது. பயத்தில் அல்ல, அந்தப் பெண்சாதியையும் பிள்ளைகளையும் நினைத்து. ஆனாலும் மீனைச் சட்டியில் போட அவளுக்கு மனம் வரவில்லை. பூனை சாப்பிட்டது. பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் இருவரும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையிலும் ஒரு நன்மை நடந்தது. தான் படிக்காத பாடம், அந்தக் குரலின் வாயால் அருள்நேசனின் காதில் ஊறிப்போயிருந்தது.

பரீட்சை நாள். மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு சிங்களப் பெரியவர். கோப்பைப் புரட்டியபடி, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கொஹேத யன்னே?"

பாடமாக்கியது எல்லாம் பறந்துபோனது. வேலை போச்சு, றஞ்சினி போனாள் என்றே நினைத்தான். அப்போது அவன் வாய் தானாகத் திறந்தது. வந்தது அவன் குரல் அல்ல. மெலிந்து, நடுங்கி, கெஞ்சுகிற அந்தக் குரல்.

"முஹுதட்ட யனவா மஹத்தயா..." கடலுக்குப் போறன் ஐயா. விடிய வந்திடுவன் ஐயா. வீட்டில மனுசியும் பிள்ளையளும் ஐயா, வேற ஒருத்தரும் இல்லை.

அவனுக்குப் பிள்ளைகளே இல்லை. அதைக்கூட அந்த நேரத்தில் அவன் யோசிக்கவில்லை.

பெரியவரின் பேனா நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மிக மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். என்ன அதிசயமோ, ஒவ்வொரு சொல்லும் அருள்நேசனுக்கு விளங்கியது.

"போதும் தம்பி. கையைக் கீழே விடுங்கள்."

அப்போதுதான், தன் கைகள் இரண்டும் தலைக்கு மேலே நிற்பதை அவன் கண்டான்.

பாஸ்! செய்தி வந்த அன்று றஞ்சினி பெட்டியைப் பிரித்து உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கினாள். அந்தக் குரலுக்காகக் கோயிலில் ஒரு பூசையும் சொல்லிவைத்தாள். பெயர் தெரியாததால் "கடலுக்குப் போனவருக்கு" என்று சொன்னாளாம்.

மறுநாள் காலை முன்படலையில் சந்தியோகு நின்றார். கையில் வாழையிலைப் பொதி ஒன்று. ஊருக்கே கேட்கும் குரலை ஏனோ வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அருள்நேசனைத் தோளில் தொட்டு, பின்வளவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, காதுக்குள் குனிந்தார்.

"தம்பி, நீர் இப்ப சிங்களம் பாஸ்பண்ணின ஆள். உங்கட பின்வேலியில மண்மூட்டை அடுக்கி, லைற்றும் பூட்டி, திரும்பவும் காவல் சென்றி போட்டிருக்கிறாங்கள்தானே, அந்த ஆமிப் பெடியனோட எனக்காக ஒருக்காக் கதையும். மீனும் வச்சுப் பாத்திட்டன், நாளாந்தம் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டு மறுமொழியும் சொல்லிப் பாத்திட்டன், இன்னும் அவனுக்கு என்ரை முகம் பழகேல்லை."